மலை எலிக்கு வைத்த பெயர்

என் பெயரை ஓர் எலிக்கு வைக்கப்போவதாக என் கணவர் வந்து சொன்னபோது நான் குசினியில் மணலை மீனுக்குச் செதிள் சுரண்டிக்கொண்டிருந்தேன். கையில் கத்தி இருந்ததை அவர் கவனிக்கவில்லை. ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கு எதிரே நிற்கிற ஆளின் கை எப்போது கண்ணில் பட்டிருக்கிறது?

"றாட்டஸ் மக்டலினே," என்றார். "எப்பிடிக் கிடக்கு?"

"கடைசியில அந்த 'னே' என்னத்துக்கு?"

"அது லத்தீன். பொம்பிளப் பேரெண்டா அப்பிடி ஒண்டு சேர்க்கோணும்."

மக்டலின் என்பது ஞானஸ்நானத்தில் எனக்கு வைத்த பெயர். அத்தனை வருசமும் வாலில்லாமல் இருந்த பெயருக்கு இப்போது வால் முளைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு மீனை அலசினேன். அவர் நான் பூரித்துப்போனேன் என்று எண்ணிக்கொண்டு விறாந்தைக்குப் போனார்.

இது அறுபத்தெட்டாம் ஆண்டு. என் கணவர் அல்பேட் மட்டக்களப்பு நகரத்தில் ஒரு கல்லூரியில் விஞ்ஞானம் படிப்பித்தார். வாவிக்கரையில் எங்கள் வீடு. பின்பக்கம் கிடுகுக் கொட்டில் ஒன்று. மற்றவர்கள் அப்படிப்பட்ட கொட்டிலில் விறகு வைப்பார்கள், ஆடு கட்டுவார்கள். நாங்கள் எலி வளர்த்தோம்.

எலிகளைக் கொண்டுவந்தவர் ஏறாவூர்க் கச்சி முகம்மதுக் காக்கா. அவருடைய மாட்டுப்பட்டி குடும்பிமலை அடிவாரத்தில் இருந்தது. தயிர்ச்சட்டி கொண்டுவருகிற மனிதர், ஒருநாள் பழக்கதோசத்தில் ஏதோ பேச, மலைப்பாறை இடுக்கில் ஒரு சாதி எலி இருக்கிறது, ஊர் எலி மாதிரி இல்லை என்று சொல்லிவிட்டார். அன்றையிலிருந்து அவருக்கு எங்கள் வீட்டில் தயிருக்குக் கிடைத்ததைவிட எலிக்குக் கிடைத்த மரியாதைதான் அதிகம்.

உண்மையில் அது வடிவான எலிதான். வயிறு அரிசிமாப் போல வெள்ளை. ஊர் எலிக்கோ வயிறு சாம்பல் நிறம். மலை எலியின் வால் உடம்பைவிட நீளம், காது பெரிது, வெளிச்சத்தில் பிடித்தால் நரம்பு தெரியும். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், செத்த எலியின் தோலை உரித்துப் பஞ்சு அடைத்து அவர் தர, வயிற்றைத் தைத்து மூடுவது என் வேலை. நான் கன்னியர் மடத்துப் பள்ளியில் தையல் ரீச்சர். பகலில் பிள்ளைகளுக்குச் சங்கிலித் தையல், பின்னேரத்தில் எலிக்கு ஓட்டுத் தையல். மூக்கிலிருந்து வாலடி வரை, வால், பின்பாதம், காது என்று ஒவ்வொன்றாக அளந்து அவர் எழுதிவைப்பார். மண்டையோட்டை என் பழைய சட்டியில் அவித்துச் சுத்தம் செய்து பல்வரிசையையும் அளப்பார். அந்தச் சட்டியைக் கேட்காமல்தான் எடுத்தார்.

வேடிக்கை என்னவென்றால், உயிருள்ள எலி அவருக்கு ஒத்துக்கொள்ளாது. கொட்டில் வாசலில் போய் நின்றாலே தும்மல் பிடித்துவிடும். கண் வீங்கி மூக்கு ஒழுகி, செத்தவீட்டுக்குப் போனவர் மாதிரித் திரும்பி வருவார். அவருக்குத் தெரிந்ததெல்லாம் செத்த எலிதான். அதனால் உயிரோடு இருப்பவற்றைப் பார்க்க ஆரையம்பதியிலிருந்து புஸ்பத்தை வேலைக்கு வைத்தோம். நாலு பிள்ளை பெற்று, நாலையும் கரைசேர்த்த பெண். காலை பஸ்ஸில் வருவாள், பின்னேர பஸ்ஸில் போவாள். எலிகளோடு வாய் ஓயாமல் பேசுவாள்.

அளவுகளையெல்லாம் அல்பேட் பல்கலைக்கழகத்தில் ஒரு பேராசிரியருக்கு அனுப்பினார். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. மலையில் வாழ்ந்தால் வாலும் நீளும், வயிறும் வெளுக்கும், உடம்பை மட்டும் பார்த்து இனம் பிரிக்கும் காலம் போய்விட்டது, நிறமூர்த்தங்களை எண்ணிப் பார் என்றாராம். உயிரின் ஒவ்வொரு துணிக்கைக்குள்ளும் பரம்பரையைச் சுமக்கிற நூல்கள் அவை. அவற்றைப் பார்க்க எலிக்கு ஒரு மருந்து ஏற்ற வேண்டும். எங்கள் வேலியில் பூக்கிற கார்த்திகைக் கிழங்கில் இருக்கிற அதே நஞ்சு, சீசாவில் அடைபட்டுக் கொழும்பிலிருந்து வந்தது. தொடையெலும்பின் மச்சையை எடுத்து, கண்ணாடித் தகட்டில் சொட்டவிட்டு, சாயமிட்டு, கல்லூரியின் நுணுக்குக்காட்டிக்கு அடியில் வைத்தார். நானும் பார்த்தேன். கொட்டிய எள்ளுப் போலக் கிடந்தது.

அந்த எள்ளை அவர் எண்ணினார், எண்ணினார், ஒரு மாதம் எண்ணினார். ஊர் எலிக்கு முப்பத்தெட்டு, மலை எலிக்கு நாற்பது. அன்றைக்குத்தான் குசினிக்குள் வந்து எலிக்கு என் பெயரைச் சூட்டும் செய்தியைச் சொன்னார்.

பேராசிரியர் அதற்கும் அசையவில்லை. கடைசியாக ஒரு சோதனை கேட்டார். மலை எலியையும் ஊர் எலியையும் சோடி சேர்க்க வேண்டும். பிறக்கிற கலப்புக் குட்டிகள் வளர்ந்து தாங்களும் குட்டி போட்டால், இரண்டும் ஒரே இனம், பெயரும் கிடையாது, ஒன்றும் கிடையாது. கலப்புக் குட்டிகள் மலடாக இருந்தால் தனி இனம்.

"மலடா இருந்தாச் சரி," என்று அல்பேட் சோற்றுக் கோப்பைக்கு முன்னால் இருந்து சந்தோசமாகச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்துவிட்டு முருங்கைக்காயை உறிஞ்சத் தொடங்கினார்.

எங்களுக்குக் கல்யாணமாகிப் பதினொரு வருசம். பிள்ளை இல்லை. அவர் மெதடிஸ்த சபை, நான் கத்தோலிக்கம். மாப்பிள்ளை கேட்டு வந்தபோது என் அம்மா அவர் எந்தச் சபை என்று விசாரிக்கவில்லை, எந்தக் குடி என்றுதான் விசாரித்தார். எங்கள் பக்கத்தில் குடி தாய்வழியாக வருவது. ஒரே குடிக்குள் முடித்தால் உடன்பிறப்பை முடித்த மாதிரி. குடி வேறு என்று தெரிந்ததும் அம்மா சம்மதித்துவிட்டார், வேதத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. பிள்ளை பிறக்காமல் போனதும் ஊர் வேதத்தைப் பிடித்துக்கொண்டது. கோயிலையும் சேர்ச்சையும் கலந்தால் எப்படி விளங்கும் என்றார்கள். என் காது கேட்கவே சொன்னார்கள். இப்போது என் வீட்டுக் கொட்டிலிலேயே கலப்பு மலடா இல்லையா என்று பரீட்சை வைக்கப்போகிறார் என் புருசன். அன்று அவருக்கு மீன்தலையைப் போடாமல் நானே தின்றேன்.

கச்சி முகம்மதுக் காக்கா உயிரோடு இரண்டு மலைப் பெட்டைகளைப் பிடித்து வந்து புஸ்பத்தின் கையில் கொடுத்தார். ஒரே பொந்திலிருந்து எடுத்த குட்டிகள். புஸ்பம் அவற்றைப் பாண் துண்டும் நெல்லும் கொடுத்து வளர்த்தாள். ஒன்றை அக்காக்காரி என்பாள், மற்றதைத் தங்கச்சிக்காரி என்பாள். அல்பேட்டுக்கு அவை முதலாம் பெட்டி, இரண்டாம் பெட்டி.

பெட்டிகள் என்றால் பழைய தேயிலைப் பெட்டிகள். இரண்டு முனையிலும் கம்பி வலை, மேலே மூடி, நடுவில் மேலிருந்து செருகுகிற ஒரு பலகை. அந்நிய எலிகளை உடனே ஒன்றாய் விட்டால் கடித்துக் குதறிவிடுமாம். முதலில் பலகையைப் போட்டு வைத்து, மணம் பழகிய பிறகு எடுத்துவிட வேண்டும். இதை அல்பேட் கொட்டிலுக்கு வெளியே நின்றுகொண்டு புஸ்பத்துக்கு விளங்கப்படுத்தினார். அவள் அப்படியே செய்தாள். அக்காவுக்கு ஓர் ஊர்க் கடுவன், தங்கச்சிக்கு வேறோர் ஊர்க் கடுவன். இரண்டும் குட்டி போட்டன. புஸ்பம் தன் மகளுக்குப் பிள்ளை பிறந்த மாதிரி வெற்றிலை போட்டுக்கொண்டு திரிந்தாள்.

குட்டிகள் வளர்ந்தன. ஆனி மாதம் அல்பேட் அடுத்த கட்டத்துக்குப் போனார். உடன்பிறப்புகளைச் சேர்ப்பது ஆராய்ச்சிக்கு அழகில்லை என்று, முதலாம் பெட்டியில் பிறந்த பெட்டைகளுக்கு இரண்டாம் பெட்டியில் பிறந்த கடுவன்களைச் சோடியாகத் தெரிவுசெய்தார்.

"முந்தி மாதிரித்தான் புஸ்பம். பலகை விசயம் தெரியும்தானே?"

"தெரியும் சேர்," என்றாள் புஸ்பம்.

பிறகு காத்திருப்பு. மூடியைத் திறந்து திறந்து பார்த்தால் தாய் எலி பயந்து குட்டியைத் தின்றுவிடும் என்று பேராசிரியர் எழுதியிருந்தார். தும்மல்காரருக்கு அது நல்ல சாட்டாகப் போயிற்று. பாடசாலை விட்டு வந்ததும் விறாந்தையில் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே உரத்துக் கேட்பார்:

"புஸ்பம், விசேசம் ஏதும் உண்டா?"

"ஒண்டும் இல்ல சேர்!"

"நல்லது, நல்லது!"

இது ஒவ்வொரு நாளும். குசினியில் நிற்கிற எனக்கு எப்படி இருந்திருக்கும்? அந்தக் கேள்வியை என்னிடம் கேட்காத மனிதர் மட்டக்களப்பில் இல்லை. பஸ் தரிப்பிடத்தில் கேட்டார்கள், பூசை முடிந்து வரும்போது கேட்டார்கள், மீன்காரி தராசைத் தூக்கிக்கொண்டு கேட்டாள். இல்லை என்று நான் சொன்னால் எல்லாரும் ஒரு பெருமூச்சு விடுவார்கள். இல்லை என்ற பதிலுக்கு நல்லது, நல்லது என்று துள்ளிய ஒரே மனிதர் என் புருசன்தான்.

ஆனால் மனசு குரங்கு என்று சும்மாவா சொன்னார்கள். ஆவணியாயிற்று, புரட்டாதியாயிற்று, எலிகள் குட்டி போடவில்லை. ஒருநாள் தைத்து முடித்த தோல் ஒன்றின் காலில் அவர் சிறிய அட்டை கட்டினார். அதில் மக்டலினே என்று அவருடைய முத்தான எழுத்தில் இருந்தது. அவர் போன பிறகு அதை எடுத்து நெடுநேரம் பார்த்தேன். எனக்குப் பிறகு என் பெயரைச் சொல்ல ஒன்றுமில்லை என்றுதானே இருந்தேன், உலகத்து நூலகங்களில் எங்கோ ஒரு பக்கத்தில் அது கிடக்கப்போகிறது. எலியாக இருந்தால் என்ன? வெள்ளை வயிற்று எலி. சிரிப்பு வருகிற ஆசைதான். இருந்தாலும் ஆசைப்பட்டேன். அதற்குப் பிறகு புஸ்பத்தின் "ஒண்டும் இல்ல சேர்" என்பதற்கு நானும் காது கொடுத்துக் காத்திருக்கத் தொடங்கினேன்.

ஐப்பசியில் பேராசிரியர் இறங்கி வந்தார். மார்கழியில் கொழும்பில் விஞ்ஞானச் சங்கக் கூட்டம், அதில் அல்பேட் கட்டுரை வாசிக்கலாம், புதிய இனம் என்று அறிவிக்கலாம் என்றார். கட்டுரை அச்சுக்குப் போயிற்று. அல்பேட் கோட் ஒன்று தைக்கக் கொடுத்தார்.

அந்த வாரம்தான் மாரி தொடங்கியது. கல்லடியிலிருந்து அந்தப்பக்கம் ரோட்டில் தண்ணீர் ஏறி, புஸ்பம் வேலைக்கு வரவில்லை. எலிக்குச் சாப்பாடு போட வேண்டுமே. நான் குடையைத் தேட, அவர் வீரமாக லேஞ்சியை மூக்கில் கட்டிக்கொண்டு கொட்டிலுக்குப் போனார். மூன்று தும்மல் கேட்டது. பிறகு சத்தமே இல்லை. போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு பெட்டியின் மூடியும் திறந்து கிடந்தது. ஒவ்வொரு பெட்டிக்கும் நடுவில் பலகை செருகியிருந்தது. இந்தப்பக்கம் ஒரு பெட்டை, அந்தப்பக்கம் ஒரு கடுவன், இரண்டுக்கும் தனித்தனியே தண்ணீர்ச் சிரட்டை.

தண்ணீர் வற்றிப் புஸ்பம் வந்ததும் அவர் வாசலிலேயே மறித்தார்.

"புஸ்பம், இந்தப் பலகையெல்லாம் எப்ப இருந்து கிடக்கு?"

"நீங்க சோடி போட்ட நாளில இருந்து, சேர்."

"மணம் பழகினாப் பிறகு எடுக்கச் சொன்னனே!"

"அது முறையான சோடிக்கு. இதுகளுக்கு எப்பிடி எடுக்கிற?" புஸ்பத்தின் முகத்தில் குற்றம் செய்த களையே இல்லை. "அக்கா தங்கச்சிட பிள்ளையள். ஒரு குடி. அண்ணன் தங்கச்சி முறையல்லவா சேர்?"

"எலிக்கு ஏது குடி?"

"தாய் இருந்தாக் குடி இருக்கும்தானே."

"தகப்பன் வேற வேற, புஸ்பம்! ரெண்டு தகப்பன்!"

"தகப்பன ஆர் கேட்ட?" என்றாள் அவள், சின்னப்பிள்ளைக்குச் சொல்வது போல. "நான் கச்சி முகம்மதுக் காக்காக்கிட்டயும் விசாரிச்ச. ரெண்டும் ஒரே பொந்தாம். எங்கட ஆக்களிலயும் அது ஆகாது எண்டுதான் அவரும் சொன்னாரு."

அல்பேட் தூணைப் பிடித்துக்கொண்டார். "அப்ப நான் ஒவ்வொரு நாளும் விசேசம் உண்டா எண்டு கேட்டது?"

"இல்லையெண்டுதானே சொன்ன. பலகை கிடக்கக்குள்ள எப்பிடி விசேசம் வரும்? நீங்களும் நல்லது, நல்லது எண்டீங்க. ஒழுக்கமா வளர்த்திருக்கன் எண்டு சந்தோசப்படுறீங்க எண்டுதான் நான் நினைச்ச." கொஞ்சம் யோசித்துவிட்டு ஆறுதலாகவும் ஒரு வழி சொன்னாள். "அந்தச் சாம்பல் வகுத்துக் கடுவன்ட தங்கச்சிக்குப் பிள்ளை ஒண்டு கிடந்தாச் சொல்லுங்க சேர். மச்சாள் முறை. இண்டைக்கே பலகைய எடுத்துருவன்."

நான் சேலைத் தலைப்பை வாய்க்குள் திணித்துக்கொண்டு குசினிக்கு ஓடிவந்து சிரித்தேன். பேராசிரியருக்கு எது எதோடு சேர முடியாதோ அது வேறினம். புஸ்பத்துக்கு எது எதோடு சேரக் கூடாதோ அது ஒரே இனம். இந்த இரண்டுக்கும் நடுவில் என் மனுசன் கோட் தைக்கக் கொடுத்துவிட்டு நிற்கிறார். சிரித்துச் சிரித்து நிமிர்ந்தபோது யன்னலால் அவர் தெரிந்தார். பெட்டிகளுக்கு முன்னால் குந்தியிருந்தார், தும்மக்கூட இல்லை. எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

பலகைகளை எடுக்கச் சொன்னபோது புஸ்பம் கையைப் பின்னுக்குக் கட்டிக்கொண்டாள். "அந்தப் பாவத்துக்கு என்ட கை வராது சேர்." அவரே ஒவ்வொன்றாக உருவினார். புஸ்பம் கிணற்றடிக்குப் போய் மற்றப்பக்கம் திரும்பி நின்றாள். அன்றிலிருந்து அந்தப் பெட்டிகளின் பக்கமே அவள் போகவில்லை. காலைச் சாப்பாடு போடுவது லேஞ்சிக்காரரின் வேலையாயிற்று.

கூட்டத்துக்கு ஒரு மாதத்துக்குமேல் இருந்தது. எலிக்குச் சினைக்காலம் மூன்று கிழமை. அந்த மூன்று கிழமையும் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை நான் கோயிலுக்குப் புறப்படும்போது மெல்லப் பக்கத்தில் வந்தார். புனிதர்களுக்கு முன்னால் மெழுகுதிரி கொளுத்துவதை விக்கிரகத் தொண்டு என்று எங்கள் கல்யாண நாளிலிருந்து நக்கலடித்த மனிதர்.

"மக்டலின், உங்கட அந்தோனியாருக்கு என்ட பேரிலயும் ஒரு மெழுகுதிரி."

"என்னெண்டு கேக்க?"

"அதுகளுக்கு ஒண்டும் உண்டாகக் கூடாதெண்டு."

அந்தோனியாருக்கு முன்னால் அதே இடத்தில், அதே முழந்தாளில், பதினொரு வருசமாக ஒவ்வொரு செவ்வாயும் நான் கேட்டது என்னவென்று அவருக்குத் தெரியும். மெழுகுதிரியைக் கொளுத்தினேன். வாயைத் திறந்தேன். வரவில்லை. எனக்கும் அந்தப் பெயர் வேண்டியிருந்தது, அவருக்காகவும் வேண்டியிருந்தது. ஆனாலும் எந்த உயிருக்கும் வயிறு திறக்கக் கூடாது என்று கேட்க என் நாக்கு புரளவில்லை. கையிலிருக்கிற குழந்தை யேசுவோடு அந்தோனியார் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். எழும்பி வந்துவிட்டேன்.

"கேட்டியா?" என்றார்.

"மெழுகுதிரி கொளுத்தின நான்," என்றேன்.

நாலாம் கிழமை ஒரு விடியற்காலை. நான் சொதிக்குப் பால் பிழிந்துகொண்டிருந்தேன். கொட்டில் பக்கமிருந்து ஓடிவருகிற சத்தம் கேட்டது. லேஞ்சி கழுத்துக்கு இறங்கிக் கிடக்க, கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் ஓட, வாசல்படியில் தடுக்கி விழப்பார்த்துக்கொண்டு அல்பேட் குசினிக்குள் வந்தார்.

"மக்டலின்! பிறந்திட்டு! ஏழு! ஏழு குட்டி, தாயும் சுகம்!"

என் இரண்டு தோளையும் பிடித்து உலுக்கினார். என் கையிலிருந்து தேங்காய்ப்பால் அவர் சேட்டில் வழிந்தது. முகம் அப்படி விரிந்து நான் அவரைக் கண்டதில்லை. அந்தச் செய்தியோடு அவர் இப்படி ஓடிவருவதைப் பதினொரு வருசமாக எத்தனையோ விதத்தில் நான் நினைத்துப் பார்த்திருக்கிறேன். வீட்டில் வைத்து, ஆசுபத்திரி விறாந்தையில் வைத்து, மழையில், வெயிலில். அதில் ஒன்றிலும் எலி வந்ததில்லை. ஆனாலும் என் உடம்பு முழுக்கக் குளிர்ந்தது, பொய் சொல்லவில்லை.

பிறகு அவருக்கு விளங்கியது. கைகள் என் தோளிலிருந்து தானாகவே இறங்கின. தேங்காய் திருவலைப் பலகையில் பொத்தென்று குந்தினார். அடுப்பில் சொதி பொங்கி ஊற்றியது, இரண்டு பேரும் இறக்கவில்லை.

"அச்சுக்குப் போயிட்டு," என்றார். "பேராசிரியரும் சம்மதிச்சிட்டார். புஸ்பம் அந்தப் பெட்டியப் பார்க்கிறதே இல்ல. உனக்கும் எனக்கும்தான் தெரியும்."

அவர் யன்னலால் வெளியே பார்த்தார். வளவு முடிகிற இடத்தில் வாவித் தண்ணீர் மாரிக்கு நிறைந்து தளும்பிக்கொண்டிருந்தது. ஏழு குட்டி, ஒவ்வொன்றும் அவரைக்கொட்டை அளவு. வாவிக்குள் போட்டுவிட்டால் யாருக்குத் தெரியும்? அதை அவர் வாயால் சொல்லத் தேவையில்லை.

"உன்ட பேர், மக்டலின்," என்றார். "உனக்கு நான் வேற என்னத்தைத் தந்த?"

எனக்குக் கோபம் வந்ததா அழுகை வந்ததா என்று இன்றைக்கும் தெரியாது. "என்ட பேர் நிலைக்கிறதுக்கு இன்னொண்டு மலடா இருக்கோணுமெண்டா அந்தப் பேர் எனக்கு வேணாம்," என்றேன். அந்தச் சொல்லை ஊர் சொல்லியிருக்கிறது, அவர் எலிக்குச் சொல்லியிருக்கிறார். என் வாயால் நான் அதைச் சொன்னதில்லை. குசினிச் சுவரில் பட்டு அது எனக்கே திரும்பிக் கேட்டது.

அவர் எழும்பினார். முகம் கழுவினார். பால் வழிந்த சேட்டைக் கழற்றிவிட்டு வேறு சேட் போட்டார். படலையடியில் நின்று, "தந்தி அடிச்சிட்டு வாறன். ரெண்டும் ஒரே இனம்தான் எண்டு," என்றார். தபால் கந்தோர் திறக்க இன்னும் நெடுநேரம் இருந்தது. அதைச் சொல்லாமல் போகவிட்டேன்.

அவர் போய்க் கொஞ்ச நேரத்தில் புஸ்பம் பஸ்ஸால் இறங்கி வந்தாள். என் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்கு விளங்கிவிட்டது. கொட்டில் பக்கம் ஒரு முறை முறைத்தாள்.

"வெக்கம் கெட்டதுகள்," என்றாள். வெற்றிலையைத் துப்பினாள். பிறகு, "எத்தினையாம்?"

"ஏழு."

"ஏழா!" வாயில் கையை வைத்தாள். "தாய்க்கு என்னம்மா குடுத்த?"

"ஒண்டும் இன்னும் குடுக்கல்ல."

"சும்மா நிக்கிறீங்களே அம்மா! முறை பிழைச்சது பிழைச்சதுதான். அதுக்காகப் பெத்தவளப் பட்டினி போடுறதா? மிளகு கிடக்கா? உள்ளி, சீரகம், மஞ்சள்? எடுங்க. கொஞ்சம் சரக்கு அரைச்சுப் பாணில தடவி வைப்பம், பால் ஊறும்."

அலுமாரியைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன். அவள் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு அம்மிக்கு முன்னால் இருந்தாள். கல்யாணத்துக்கு என் அம்மா வாங்கித் தந்த அம்மி அது. பதினொரு வருசமாக அதில் மீன்கறிக்கும் சம்பலுக்கும் அரைத்திருக்கிறோம். பிள்ளை பெற்றவளுக்கென்று சரக்கு அரைபட்டது அன்றைக்குத்தான். புஸ்பம் அரைத்தாள், நான் பக்கத்தில் குந்தித் தண்ணீர் தெளித்தேன்.